பாட்வின்னிக்கும் பருப்பு குக்கரும்

ஓப்பன் ரேட்டிங் செஸ் போட்டிக்குப் பேர் கொடுத்த நடுத்தர வயசுக்காரர் முதலில் செய்யும் காரியம் புத்தகம் வாங்குவது. அதுவும் ஓப்பனிங் புத்தகம். சிசிலியன், டிராகன், நஜ்டோர்ஃப் என்று பேரிலேயே ஒரு கம்பீரம் இருக்கிறதே! "ரூக் எண்டிங் படிக்கிறேன்" என்றால் ஆபீசில் ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். "நஜ்டோர்ஃப் பார்த்துக்கிட்டிருக்கேன்" என்றால், ஏதோ வியாதிக்கு வைத்தியம் போலிருக்கிறது என்று நினைத்தாவது இரண்டு பேர் விசாரிப்பார்கள்.

நஜ்டோர்ஃப் வருவதற்கே ஐந்து நகர்த்தல் ஆக வேண்டும். எதிரே உட்காரும் பையன் இரண்டாவது நகர்த்தலிலேயே தன் பாட்டுக்கு வேறு பக்கம் போய்விடுவான். நமக்கு இருபது நகர்த்தல் மனப்பாடம். அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆபத்தே அங்கேதான் இருக்கிறது.

பையன் என்று சொன்னேன். சென்னையில் போட்டிக்குப் போனால் எதிராளி அநேகமாகப் பையன்தான், அல்லது இரட்டை ஜடை போட்ட பாப்பா. மானுவல் ஆரோன் 1961-இல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனார். ஆனந்த் 1988-இல் முதல் கிராண்ட்மாஸ்டர். 2024 டிசம்பரில் குகேஷ் 18 வயசில் உலகச் சாம்பியன். இவர்களெல்லாம் ஆடிய இந்த ஊரில் "நானும் செஸ் ஆடுவேன்" என்பது திருவையாற்றில் போய் "எனக்கும் கொஞ்சம் பாட வரும்" என்பது மாதிரி.

பையனுக்குப் பலகை எட்டாது, நாற்காலியில் முழங்காலிட்டு உட்காருவான். நகர்த்துவான், எழுதுவான், கடிகாரத்தைத் தட்டுவான், மற்ற போர்டுகளை வேடிக்கை பார்க்கக் கிளம்பிவிடுவான். நாம் அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டு ஆடிய பிறகு ஓடி வந்து, நின்றபடியே பதில் ஆடிவிட்டு மறுபடி ஓடுவான். வெளியே அவன் அம்மா டிபன் டப்பாவோடு காத்திருப்பார். நாம் முதலில் வெளியே வந்தால் நம் முகத்தைப் பார்த்தே அவருக்கு ரிசல்ட் தெரிந்துவிடும்.

ரேட்டிங் கணக்கும் நம் கட்சியில் இல்லை. சர்வதேச செஸ் கூட்டமைப்பின் விதிப்படி 18 வயசுக்குக் கீழே, 2300 ரேட்டிங்குக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு, ரேட்டிங் எவ்வளவு ஏறி இறங்கும் என்பதைத் தீர்மானிக்கும் 'கே' மதிப்பு 40. முப்பது ஆட்டம் தாண்டிய என் போன்றவர்களுக்கு 20. அதாவது ஒரே வெற்றிக்கு அவனுக்குக் கிடைப்பதில் பாதிதான் எனக்கு. எனக்கு வெற்றி கிடைத்தால் என்று சேர்த்துக்கொள்ளவும்.

சரி, என்னதான் படிப்பது? பழைய உலகச் சாம்பியன் கபாபிளாங்கா அன்றே சொல்லிவிட்டார்: முதலில் எண்டிங் படி. பலகையில் காய்கள் கரைந்து ராஜாவும் யானையும் இரண்டு சிப்பாயும் மிஞ்சும் நேரத்தில்தான் கை நடுங்கும். எண்டிங்குகளில் அதிகம் வருவது யானை எண்டிங், அதாவது ரூக் எண்டிங்தான். அதில் லூசினா நிலை என்று ஒன்று. யானையை நாலாவது வரிசையில் நிறுத்திப் பாலம் கட்டி ஜெயிப்பார்கள். லூசினா 1497-இல் எழுதிய புத்தகத்தில் அந்த நிலையே கிடையாது என்பது வேடிக்கை. எழுதாதவர் பேர் நிலைத்துவிட்டது. அதைப் படித்த எனக்கு இன்னும் பேர் வரவில்லை.

தினமும் கொஞ்சம் பசில், கொஞ்சம் எண்டிங், நிஜப் பலகையில் நிதானமான ஓர் ஆட்டம்: இவ்வளவுதான் விஷயம். போனில் மூன்று நிமிஷ ஆட்டம் ஆடி வளர்ந்த விரல், தொட்ட காயை ஆடியே தீர வேண்டும் என்பதை மறந்துபோயிருக்கும். கோணலாக நிற்கும் குதிரையை நேராக வைப்பதென்றாலும் முதலில் "அட்ஜஸ்ட்" என்று சொல்ல வேண்டும். தொட்ட பிறகு சொன்னால் அது குதிரையின் தலைவிதி.

எனக்குப் பிடித்த ஆசான் பாட்வின்னிக். 1948-இல் உலகச் சாம்பியன் ஆன சோவியத் இன்ஜினியர். சிகரெட் புகை அவருக்கு ஆகாது. ஆகவே பயிற்சி ஆட்டத்தில் நண்பர் ரகோசினைப் புகைவிடச் சொல்லிப் பழகிக்கொண்டாராம். பக்கத்தில் ரேடியோவை அலறவிட்டதாகவும் சொல்வார்கள். எங்கள் வீட்டில் இதற்கெல்லாம் தனி ஏற்பாடு வேண்டியதில்லை. சமையலறையில் பருப்பு குக்கர், ஹாலில் சீரியல், எதிர்க் கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரம். நான் பிஷப்பைத் தியாகம் செய்யலாமா என்று உச்சக்கட்ட யோசனையில் இருக்கும்போது, "ஏங்க, மூணு விசில் வந்தாச்சா, எண்ணினீங்களா?" என்று குரல் வரும். பாட்வின்னிக்குக்கூட விசில் எண்ணும் பொறுப்பு இருந்ததாகத் தெரியவில்லை.

அவர் சொன்னதில் இன்னொன்றுதான் உத்தமம்: போட்டிக்கு ஐந்து நாள் முன்னாலேயே தயாரிப்பை நிறுத்திவிட வேண்டும். இதை மட்டும் நான் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடிக்கிறேன். அதற்கு முந்தின நாட்களிலும் சேர்த்தே கடைப்பிடிப்பதாக வீட்டில் ஒரு புகார் உண்டு.

நீங்களும் போட்டிக்குப் போவதாக இருந்தால் ஓப்பனிங் புத்தகத்தை யாருக்காவது பரிசளித்துவிடுங்கள். எதிராளிக்குக் கொடுத்தால் இன்னும் நல்லது. முந்தின ராத்திரி நன்றாகத் தூங்குங்கள். போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். ஹாலுக்குள் அது ஒலித்தால் பொதுவாகத் தோல்விதான். பருப்பு தீர்ந்துபோச்சு என்று சொல்லக் கூப்பிட்டது வீட்டம்மாவாகவே இருந்தாலும் ஆர்பிட்டர் இரங்க மாட்டார்.