பெயர் இல்லாத மிரட்டல்

கேள்வி: லண்டனில் இருக்கும் என் மகள் வீட்டில் டிவியே கிடையாது. ஆனாலும் ‘டிவி லைசென்ஸ் இல்லை, விசாரிக்க ஆள் வருவார்’ என்று கடிதம் மேல் கடிதம் வருகிறது. பயந்துபோயிருக்கிறாள். என்ன செய்வது?
– வாசகி, சங்கரன்கோவில்

பதில்: முதலில் உறையைப் பார்க்கச் சொல்லுங்கள், அம்மா. ‘குடியிருப்பவருக்கு’ என்றுதான் பெரும்பாலும் இருக்கும். பெயரே தெரியாதவர்கள் குற்றத்தை எங்கே கண்டார்கள்? லைசென்ஸ் பதிவாகாத வீடுகளுக்கெல்லாம் போகிற கடிதம் அது. ‘எனக்குத் தேவையில்லை’ என்று கடிதம் அனுப்பியவர்களின் இணையதளத்தில் தெரிவித்துவிடலாம். ஆள் வந்தாலும், நீதிமன்ற வாரண்ட் இல்லையென்றால் வாசல்படியோடு சரி. உள்ளே விடக் கட்டாயமில்லை.

ஆனால் ஒன்று. நம்மூர் ஆடித்தபசுத் திருவிழாவை டிவி சேனல் நேரலையாகக் காட்டும்போது செல்போனில் பார்த்தாலும் அங்கே லைசென்ஸ் வேண்டும். பிபிசி ஐபிளேயருக்கும் வேண்டும். மீறினால் 1,000 பவுண்டு வரை அபராதம். பழைய பதிவை யூடியூபில் பார்க்கத் தடையில்லை.

நாமும் 1980களின் நடுப்பகுதி வரை ரேடியோவுக்கும் டிவிக்கும் தபாலாபீசில் லைசென்ஸ் கட்டியவர்கள்தான். அப்போது இமெயில் மோசடி இல்லை. இப்போது உண்டு: ‘உடனே பணம் கட்டு’ என்று லிங்க் வந்தால் தொடாமல் அழித்துவிடச் சொல்லுங்கள்.