ஐம்பது டிகிரி ஆசாமி

“எப்படி இருக்கீங்க?” என்று பிப்ரவரி மாதத்தில் இவரைக் கேட்டுவிடக் கூடாது. “முப்பத்தொன்பதே முக்கால்” என்று பதில் வரும். உடம்புச் சூடு அல்ல, நியூஜெர்சிக் கரையை ஒட்டிய ராரிட்டன் விரிகுடாவின் தண்ணீர்ச் சூடு, ஃபாரன்ஹீட் கணக்கு. இவருடைய நலமும் அதற்குள்ளேயே அடக்கம். நாற்பதைத் தாண்டினால் முகத்தில் களை வரும். நாற்பத்தைந்தில் பேச்சு கூடும். ஐம்பதை நெருங்கிவிட்டால் வீட்டில் ஒரு வேலை நடக்காது.

ஸ்ட்ரைப்ட் பாஸ், சுருக்கமாக ஸ்ட்ரைப்பர், என்னும் மீனின் சீசனைக் கணித்துச் சொல்லும் இனம் இது. வட கரோலைனாவிலிருந்து மெய்ன் வரை அமெரிக்கக் கிழக்குக் கரை முழுக்க இருக்கிறது; நியூஜெர்சியில் அடர்த்தி அதிகம். ஐப்பசி பிறந்ததும் வங்கக்கடலைப் பார்த்து, “இப்ப ஒண்ணும் இல்ல, டிசம்பர் முதல் வாரம் பாருங்க” என்று கிளம்பும் நம் மழைக் கணிப்பாளர்களை அறிந்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் வேண்டாம். அங்கே மழை, இங்கே மீன். பொதுவாகத்தான் எழுதுகிறேன், எந்தத் தனி மனிதரையும் மனத்தில் வைத்து அல்ல. என் எதிர்வீட்டுக்காரருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பதற்கும் இந்தக் கட்டுரைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

தண்ணீர் ஐம்பது டிகிரி ஆனதும் மீன் இரையெடுக்கும் என்பது இவர்களுடைய மூல மந்திரம். மந்திரத்தில் பெரிய பிழையும் இல்லை. குளிர்காலம் முழுக்க மந்தமாகக் கிடக்கும் ஸ்ட்ரைப்பர், தண்ணீர் ஐம்பதை ஒட்டி வரும்போது சோம்பல் முறிக்கும். அறுபதை ஒட்டும்போது ஹட்சனிலும் டெலவரிலும் செசபீக் விரிகுடாவில் விழும் ஆறுகளிலும் ஏறி முட்டையிடும். வளர்வது கடலில், பிறப்பது ஆற்றில். எனவே சூடு பார்ப்பதில் குற்றமில்லை. எந்த வெப்பமானியில் பார்ப்பது என்பதில்தான் வில்லங்கம் ஆரம்பிக்கிறது.

அரசாங்கம் ஒன்று வைத்திருக்கிறது. நியூயார்க் துறைமுகத்துக்கு வெளியே கடலில் 44065 என்ற எண்ணோடு ஒரு மிதவை, காற்று, அலை, தண்ணீர்ச் சூடு எல்லாவற்றையும் அளந்து ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்கிறது. கைபேசி வைத்திருக்கும் யாரும் பார்க்கலாம். யாரும் பார்க்கலாம் என்பதுதான் அதன் மேல் இவருக்கு முதல் வருத்தம். “அது நடுக்கடல்ல மிதக்குது. கீபோர்ட் சேத்தைப் பத்தி அதுக்கு என்ன தெரியும்?” என்பார். நியாயமான கேள்வி. விரிகுடாவின் உள்மூலையில் கீபோர்ட், யூனியன் பீச் பக்கம் ஆழமே கிடையாது, அடியில் கருஞ்சேறு. மார்ச் வெயில் பட்டதும் முதலில் சூடேறுவது அந்தச் சேறுதான். நீர் வற்றும்போது அந்தச் சூட்டையும் எடுத்துக்கொண்டு இறங்கும். வருஷத்தின் முதல் மீன்கள் அங்கேதான் கடிக்கும். ஆகவே இவர் சொந்தமாக அளக்கிறார்.

சொந்த ஏற்பாடு இது: மீன்தொட்டிக்கு விற்கும் கண்ணாடி வெப்பமானி ஒன்று. அதன் தலையில் தூண்டில் நரம்பு, காலில் ஈயக்குண்டு. படகுத்துறைப் பலகையில் குப்புறப் படுத்து, அதைத் தண்ணீருக்குள் இறக்கிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கிடப்பார். நாயோடு நடக்க வருகிறவர்கள் இவருக்கு நெஞ்சுவலியோ என்று பயந்து பக்கத்தில் வந்து விசாரிப்பதுண்டு. அவர்களுக்கும் டிகிரி சொல்லி அனுப்புவார். இரண்டாவது, பேட்டரியில் ஓடுவது. மூன்றாவது, வான்கோழி உள்ளே வெந்துவிட்டதா என்று குத்திப் பார்க்க மனைவி வாங்கி வைத்திருந்தது. நன்றி நவிலும் நாளன்று மட்டும் அது சமையலறைக்குத் திரும்பும். மூன்றும் மூன்று விதமாகக் காட்டும். எது ஐம்பதுக்குப் பக்கத்தில் இருக்கிறதோ அதுவே நம்பகமானது என்பது அறிவியல்.

அளக்கும் நேரத்திலும் ஒரு கைத்திறன் உண்டு. விடியற்காலையில் அளந்தால் நாற்பத்திரண்டு வரும், மனம் சோரும். எனவே, மேகமில்லாத நாளாகப் பார்த்து, பிற்பகல் மூன்று மணிக்கு, வற்றத்தின் கடைசியில், முழங்கால் ஆழத்தில் அளப்பார். நாற்பத்தெட்டரை. வீட்டுக்கு வரும் வழியில் மீனின் நீளத்தை இழுப்பதுபோல் அதை நாற்பத்தொன்பதாக இழுத்துவிடுவார். தெருவுக்குள் வண்டி நுழையும்போது “கிட்டத்தட்ட ஐம்பது.”

சரி, ஒரு நாள் உண்மையிலேயே ஐம்பது வந்துவிட்டது என்று வையுங்கள். மீன் வரவில்லை. நீங்களும் நானும் என்றால் மந்திரத்தைச் சந்தேகப்படுவோம். இவர் திருத்தம் போடுவார். ஐம்பது என்றால் ஒரு நாள் ஐம்பது அல்ல. மூன்று நாள் சேர்ந்தாற்போல் நிற்க வேண்டும். மூன்று நாள் நின்றது. மேல்தண்ணீர் ஐம்பது போதாது. அடித்தண்ணீரில் ஐம்பது வேண்டும். அடியிலும் ஆனது. அப்போதுதான் நாம் கேள்விப்படாத ஒன்றைச் சொல்வார்: ஏறிக்கொண்டிருக்கும் ஐம்பது வேறு, இறங்கிக்கொண்டிருக்கும் ஐம்பது வேறு. நேற்று ஐம்பத்தொன்றிலிருந்து இறங்கிய ஐம்பதை மீன் ஏற்றுக்கொள்ளாது. இத்தனை நுட்பமாக உரை எழுதியவர்களை நான் சைவ சித்தாந்தத்தில்கூடப் பார்த்ததில்லை.

மற்ற அடையாளங்களும் உண்டு, எல்லாம் பக்கவாத்தியம். மார்ச் நடுவில் தென் அமெரிக்காவிலிருந்து விராலடிப்பான் பருந்துகள் திரும்பி வந்து கரையோரக் கம்பங்களில் கூடு கட்டும். அது ஒரு குறி. ஃபோர்சித்தியா புதர் மஞ்சளாகப் பூத்தால் சின்ன மீன் வந்துவிட்டது, லைலாக் பூத்தால் பெரிய மீன். எங்கள் வீட்டு ஃபோர்சித்தியாவை நான் வெட்டிவிட்டதில் அவருக்கு இன்றும் மனத்தாங்கல். அமாவாசை, பௌர்ணமி உண்டு. வடமேற்குக் காற்று பலமாக அடித்து விரிகுடாத் தண்ணீரையே வெளியே தள்ளிவிட்டால் அதற்கு ஒரு பலன் உண்டு. பங்கர் வந்ததா என்பது உண்டு. மத்தி, உல்லம் வகையைச் சேர்ந்த எண்ணெய் மீன் அது, ஸ்ட்ரைப்பருக்கு அதுதான் விருந்துச் சாப்பாடு.

புயலடித்தால் 1982 வந்துவிடும். அந்த வருஷம் செப்டம்பர் 21-ஆம் தேதி இரவு, அட்லாண்டிக் சிட்டியின் கல் அணைக்கரையில், கொந்தளிக்கும் கடலில் ஆல்பர்ட் மெக்ரெனால்ட்ஸ் 78 பவுண்டு 8 அவுன்ஸ் எடையில் ஒரு ஸ்ட்ரைப்பர் பிடித்தார், உலக சாதனை. கதையை இவர் சொல்லும்போது அலை நம் முகத்தில் தெறிக்கும். 2011-இல் கனெக்டிகட் பக்கம் கிரெக் மையர்சன் 81 பவுண்டு 14 அவுன்ஸ் பிடித்து அதை முறியடித்துவிட்டார் என்பதை மட்டும் குறுக்கே சொல்லக் கூடாது. சொன்னால் அன்றைக்குக் காபி கிடைக்காது.

இதுவரை எழுதியதெல்லாம் சிரிப்புக்கு. இனி வரும் விஷயத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தண்ணீர்ச் சூடும் காற்றும் நிலவும் பூவும் சேர்ந்து சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று: மீன் எப்போது வரும் என்று. எத்தனை வரும் என்பதை அவை சொல்லாது. அது ஆறேழு வருஷத்துக்கு முன்பே செசபீக்கில் விழும் ஆறுகளில் முடிவாகிவிட்ட கணக்கு. கிழக்குக் கரை ஸ்ட்ரைப்பரில் பெரும்பகுதி அங்கே பிறந்ததுதான். மேரிலாந்து மாநிலம் 1954-இலிருந்து ஒவ்வொரு கோடையிலும் அந்த ஆறுகளில் கரைவலை இழுத்து, அந்த ஆண்டு பிறந்த குஞ்சுகளை எண்ணுகிறது. ஓர் இழுப்புக்கு நீண்டகாலச் சராசரி சுமார் 11 குஞ்சு. 1996-இல் 59-ஐத் தாண்டியது. 2023-இல் 1. மறு ஆண்டு 2. 2019-இலிருந்து ஒரு வருஷம்கூட சராசரியைத் தொடவில்லை. குளிர்காலம் சூடாகி, பனியும் மழையும் குறைந்து, ஆற்றில் தண்ணீர் வேகமாக வந்துவிழாத வசந்தங்களில் குஞ்சு பிழைப்பதில்லை என்கிறார்கள். சூட்டைப் பற்றி இத்தனை பேசுகிற மனிதருக்குப் பிடிக்க வேண்டிய சேதி இதுதானே? இவர் அந்தப் பக்கமே திரும்ப மாட்டார். “அவங்க வலை போட்ட இடம் சரியில்ல” என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார். கீபோர்ட் சேற்றை மிதவைக்குத் தெரியாது. செசபீக் ஆற்றை மேரிலாந்துக்குத் தெரியாது.

2023 மே மாதம் கடலோர மாநிலங்களின் மீன்வள ஆணையம் அவசர விதி போட்டது: 28 அங்குலத்துக்குக் குறையாமலும் 31 அங்குலத்துக்கு மிகாமலும் உள்ள மீன் ஒன்று, ஒரு நாளைக்கு. மற்றதை விட்டுவிட வேண்டும். இதற்கு அவர் போட்ட சத்தம் இருக்கிறதே! விடுவதாவது ஒழுங்காக விடுகிறாரா என்றால், மணலில் கிடத்திப் படம், தூக்கிப் படம், அளவுப் பட்டையோடு படம், கடைசியில் “நல்லா நீந்திப் போயிட்டான்” என்று சான்றிதழ். விடப்பட்ட மீன்களிலும் நூற்றுக்கு ஒன்பது செத்துப்போகும் என்று வைத்துத்தான் ஆணையம் கணக்குப் போடுகிறது. படத்துக்கு நிறுத்திவைத்தால் அந்த ஒன்பது இன்னும் கூடத்தானே செய்யும்? ஐம்பது டிகிரியில் அரை டிகிரி குறைந்தால் தூங்காத மனிதர், கையில் பிடித்த மீனின் மூச்சை ஏன் எண்ண மாட்டேன் என்கிறார்? இதை அவரிடம் நேராகவே கேட்டிருக்கிறேன். காற்று கிழக்கே திரும்பிவிட்டதாகச் சொன்னார்.

ஆனால் ஒரு நாள், ஏதோ பேச்சில், 1980-களைப் பற்றிச் சொன்னார். அப்போது இளைஞர். ஸ்ட்ரைப்பர் அநேகமாக அற்றுப்போயிருந்தது. 1985-இல் மேரிலாந்து பிடிக்கவே கூடாது என்று தடை போட்டது; 1990-இல்தான் திறந்தார்கள்; 1995-இல்தான் மீன்வளம் மீண்டுவிட்டதாக அறிவித்தார்கள். அந்த வருஷங்களில் சாண்டி ஹுக் கடற்கரை மணலில் நின்று, இரவு முழுக்கத் தூண்டில் வீசி, ஒரு கடிகூட இல்லாமல் விடிந்து வேலைக்குப் போவாராம். “அப்பவும் தண்ணி சூடு பார்ப்பீங்களா?” என்று கேட்டேன். “அப்பத்தான் ஆரம்பிச்சேன்” என்றார். மீனே இல்லாத கடலில் வேறு எதை அளப்பது? அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அவரைக் கேலி செய்ய வாய் வரவில்லை. பிறகு ஏப்ரல் வந்தது, வாய் திரும்ப வந்துவிட்டது.

ஏப்ரலில் நடப்பதைச் சொல்கிறேன். நவம்பரிலிருந்து வழியில் போகிறவர்களையெல்லாம் நிறுத்திப் பலன் சொன்ன மனிதர், திடீரென்று ஒரு காலை பேச்சை நிறுத்திவிடுவார். விடியும் முன்னே வண்டி வாசலில் இருக்காது. பத்து மணிக்குத் திரும்பி வரும். கேட்டால், “ஒண்ணுமில்ல. செத்த கடல். வீணாப் போகாதீங்க” என்பார். சொல்லும்போது உங்கள் கண்ணைப் பார்க்க மாட்டார். சட்டைக் கையில் வெள்ளிச் செதில் ஒட்டியிருக்கும். ஐந்து மாதம் அக்கம்பக்கத்துக்கெல்லாம் ஊதியது மீன் வரப்போகிறது என்று. வந்த அன்று மட்டும் அது அரசாங்க ரகசியம்.

நான் நம்பும் ஒரே குறி இதுதான். மிதவை, பருந்து, பூ எதுவும் வேண்டாம். எனக்கு முந்தி அதைக் கண்டுபிடித்தவர் அவர் மனைவி. போன வருஷம் குப்பைத் தொட்டியை வெளியே இழுத்து வைக்கும்போது மெல்லச் சொன்னார்: “பொய் சொல்ல ஆரம்பிச்சுட்டார்.” நன்றி சொல்லிவிட்டு அப்போதே இரைக்கடைக்குக் கிளம்பினேன்.

கடை வாசல் வரை வரிசை. தெருவுக்கொரு கணிப்பாளர் இருப்பார் போலிருக்கிறது. எல்லோருக்கும் அவரவர் எதிர்வீட்டில் கடல் அன்று காலைதான் செத்திருந்தது. ரத்தப்புழு கடைசி டஜன் எனக்குக் கிடைத்தது. மெய்ன் கடற்கரைச் சேற்றில் கையால் தோண்டி எடுத்து இங்கே வருகிற புழு அது. என்ன விலை கொடுத்தேன் என்பதை மட்டும் எழுதப்போவதில்லை; என் மனைவிக்குத் தமிழ் படிக்கத் தெரியும்.