நாற்றைவிடப் பொறுமை உள்ளவர்கள்

மதுரையின் பற்றுறுதியைப் புகழ்ந்துதான் தொடங்க வேண்டும். 1985 வரை தாண்டிக்குடி, பண்ணைக்காடு, சிறுமலை எல்லாம் மதுரை மாவட்டத்தில்தான் இருந்தன. திண்டுக்கல் தனி மாவட்டமானபோது மலைகளைச் சண்டையில்லாமல் விட்டுக்கொடுத்தோம். காபியை மட்டும் விடவில்லை. பழனிக் கீழ்மலையில் பழுத்து, பட்டிவீரன்பட்டியில் தோல் நீங்கித் தரம் பிரிந்து, நம் தெருக்களில் வறுபட்டு அரைபட்டு வரும் காபி விடிவதற்குள் டம்ளரில் நுரைக்கிறது. வளர்த்த கை யாருடையது என்று கேட்டு அந்த நுரையை நாம் ஒருநாளும் ஆறவிட்டதில்லை. அந்த மலைகளின் பழங்குடியான பளியர் என்ற பெயரை உச்சரிக்காமலே தலைமுறை தலைமுறையாகக் குடித்துவரும் அந்த ஒருமுகப்பட்ட மனத்துக்கு முதல் வணக்கம்.

அடுத்த வணக்கம் அரசின் அறிவுச் செல்வத்துக்கு. காபிச் சட்டம் 1942-இல் வந்தது. அதன்வழி நிற்கும் காபி வாரியத்துக்குக் கர்நாடகத்தின் பாலெஹொன்னூரில் 1925 முதல் இயங்கும் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நமக்குப் பக்கத்தில் தாண்டிக்குடியிலேயே ஒரு வட்டார ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. எஸ்.795, சந்திரகிரி என்று தேர்ந்த விதைகள் உண்டு. பையில் நிரப்ப ஆறு பங்கு காட்டுமண், இரண்டு பங்கு மக்கிய தொழுவுரம், ஒரு பங்கு மணல் என்று அளவும் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் காட்டுமண்ணை எங்கே அள்ளலாம், எங்கே அள்ளக்கூடாது என்று பிறந்தது முதல் அறிந்தவர்கள் பளியர். பிறர் தோட்டங்களில் நாற்றுவிட்டு, பை நிரப்பி, நிழல் கழித்து, பழம் பறித்துக் கூலி வாங்கியவர்கள். எழுதியவர்களும் தெரிந்தவர்களும் ஒரே மலையில் இருக்க, நடுவே ஒரு சொந்த நாற்றங்கால் வந்து குறுக்கிடாதபடி இருவரும் காத்துவந்த இடைவெளி போற்றத்தக்கது.

அலுவலகத்தின் காலந்தவறாமையைத் தனியே பாட வேண்டும். அதன் ஆண்டு ஏப்ரல் 1-இல் பிறந்து மார்ச் 31-இல் முடிகிறது, ஒருநாள்கூடத் தவறியதில்லை. காபி விதைக்கு அந்த ஒழுங்கு வராது. அது மார்கழி, தையில் பழமாகப் பறிக்கப்பட்டு, சாம்பல் தேய்த்து நிழலில் உலர்ந்ததும் பாத்திக்குப் போக வேண்டும்; சில மாதம் கிடந்தாலே முளைப்புத்திறன் போய்விடும். விதைத்து ஏறத்தாழ 45 நாளில் முளைத்து, விதைத் தோலைத் தொப்பிபோல் தூக்கிக்கொண்டு எழும். அப்போது பைக்கு மாற்ற வேண்டும். பிறகு பங்குனி, சித்திரை, வைகாசி முழுக்க நிழலும் தண்ணீரும். மழை இறங்கியதும் நடவு. ஆக, ஒரே நாற்று இரண்டு நிதியாண்டுகளில் வளர்கிறது. மார்ச் 31 இரவில் அது பைக்குள் புதுவேர் விட்டுத் தண்ணீர் கேட்டுக்கொண்டிருக்கும். கணக்கோ அன்றோடு மூடப்படும், செலவாகாத தொகை திரும்பிப்போகும். நாற்றின் வாழ்க்கைக்கு நடுவில் விழும் அந்தக் கோட்டை இத்தனை ஆண்டாக யாரும் ஓர் அங்குலம்கூட நகர்த்தவில்லை என்றால், அந்த உறுதியைப் புகழாமல் இருக்க முடியுமா?

எச்சரிக்கை உணர்வும் குறைவற்றது. மானியம் வேண்டுமா, நிலப் பத்திரம் கொண்டுவா என்கிறார்கள். பொதுப்பணத்தைக் காப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்விதான். பத்திரம் தரவேண்டிய இடத்தில் இருப்பதும் அரசே என்பதால், எந்த ஆவணம் இல்லை என்பதை அதைவிட நன்றாக அறிந்தவர் வேறு யாரும் கிடையாது.

இங்கேதான் பொறுமையைப் பேச வேண்டும். காட்டில் வாழும் பழங்குடியினருக்கு அந்தப் பத்திரத்தைத் தரவேண்டிய வன உரிமைச் சட்டம் 2006-இல் நிறைவேறியது. 2008-இல் வந்த சென்னை உயர் நீதிமன்ற இடைக்கால உத்தரவால் தமிழ்நாட்டில் உரிமைப் பத்திரங்கள் முடங்கின. 2016-இல் உச்ச நீதிமன்றத்தில்தான் தடை நீங்கியது. அந்த எட்டாண்டும் அலுவலகங்கள் பதறவில்லை, மலையில் இருந்தவர்களும் காடிறங்கி ஓடவில்லை. காபிச் செடிக்கு அத்தனை பொறுமை கிடையாது. 2008-இல் நட்டிருந்தால் 2012-க்குள் காய்த்திருக்கும். 2016-இல் ஒரு குடும்பத்தைத் தாங்கும் தோட்டமாக நின்றிருக்கும்.

எண்ணிக்கையில் உள்ள நேர்மையும் சொல்லத்தக்கது. எத்தனை நாற்று கொடுத்தோம் என்று கணக்கு வைக்கிறோம். கொடுத்ததைத்தானே எண்ண முடியும்? மூன்றாம் ஆண்டில் எத்தனை பிழைத்தன என்பதைத் தண்டுத் துளைப்பான் எண்ணிக்கொள்ளும். நிழல் குறைந்த அராபிக்காவை அந்த வெள்ளைத் துளைப்பான் தேடிவந்து குடையும். முள்முருங்கையும் சில்வர் ஓக்கும் வளர்வதற்கு முன்பே வெயிலில் நட்ட நாற்று பட்டியலில் வாழும், தோட்டத்தில் வாழாது. தன் ஊர் நாற்றங்காலில் வளர்த்த பெண் அந்தச் செடியை எந்தச் சரிவில், எந்த மரத்தடியில் நடலாம் என்று பார்த்து நடுவாள். செத்தால் மறுநடவுக்கு அவளிடம் நாற்று இருக்கும். லாரியில் வந்து இறங்கும் நாற்றுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

நம் அடக்கத்தை ஆந்திரத்தார் அறிவார்கள். அரக்கு மலையில் பாடேரு பழங்குடி வளர்ச்சி முகமையும் காபி வாரியமும் நாற்று, நிழல்மரம், பயிற்சி என்று பழங்குடியினருக்குத் துணைநின்றன. 1956-இல் தொடங்கிய கிரிஜன் கூட்டுறவுக் கழகம் கொள்முதலுக்கு வந்தது. 2017-இல் பாரீஸில் அரக்குக் காபிக்குக் கடை திறக்கப்பட்டது. 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கும் குறைகள் உண்டு. ஆனால் பழங்குடிக் காபி என்றால் அரக்கு என்று உலகம் சொல்லும்படி, அந்தப் பெயரை நாம் முழுமையாக விட்டுவைத்தோம்.

பணம் இல்லை என்று அரசை யாரும் பழிக்க முடியாது. பழங்குடிக் குடியிருப்புகளுக்கு நான்கு ஆண்டுகளில் 1,000 கோடி ரூபாய் என்று தொல்குடித் திட்டம் 2024 நிதிநிலை அறிக்கையிலேயே அறிவிக்கப்பட்டது. அதில் ஒரு சிறு துளி போதும். விதைக்கும் பைக்கும் நிழல்வலைக்கும் கூலிக்குமான தொகை கார்த்திகைக்குள் ஊர்க்குழுவின் கணக்குக்கு வர வேண்டும். அது மார்ச் 31-ஐத் தாண்டியும் செல்ல வேண்டும். மீதித் தொகை, மூன்றாம் ஆண்டில் பிழைத்து நிற்கும் செடியை எண்ணித் தரப்பட வேண்டும். வன உரிமைப் பத்திரமே நிலப் பத்திரமாக ஏற்கப்பட வேண்டும்.

சிறுமலையில் பெய்யும் மழைதான் சாத்தையாற்றில் பாலமேட்டுப் பக்கம் இறங்குகிறது. கீழ்மலை ஓடைகள் வைகையைத் தேடி வருகின்றன. நிழலில் வளரும் காபி அந்த மலைகளில் மரத்தை நிற்கவைக்கும் பயிர். ஆகவே பளியர் கையில் ஒரு நாற்றங்காலைக் கொடுப்பது சமவெளி செய்யும் தானம் ஆகாது; நம் தண்ணீருக்கு நாம் தரவேண்டிய பாக்கி. பொறுமைக்கும் ஒழுங்குக்கும் எச்சரிக்கைக்கும் உரிய புகழை அரசுக்குக் கொடுத்தாயிற்று. விதை முளைக்கும் நேரத்தில் பணம் கொடுத்தது என்ற ஒரே புகழ்தான் மிச்சம். அதை முழு மனத்தோடு எழுதக் காத்திருக்கிறேன்.