பின்கண்ணாடியும் பிரேக் விளக்கும்: ஒரு புணரியல் ஆய்வு

காரின் முன்பக்கத்தைப் பற்றி நிறையவே எழுதிவிட்டார்கள். கிரில்லுக்கும் ஹெட்லைட்டுக்கும் ரசிகர் மன்றம் வைக்காத குறைதான். ஆனால் சாலையில் நாம் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு போவது அடுத்தவன் காரின் பின்பக்கத்தை. அதற்கு ஓர் இலக்கணம் செய்ய இதுவரை யாருக்கும் தோன்றவில்லை. அந்தக் குறையை மைசூர் தேவராஜ மொஹல்லாவில் உட்கார்ந்து தீர்க்க முற்படுகிறேன்.

இதற்கு எனக்கு என்ன பாத்தியதை என்று கேட்பீர்கள். பவணந்தியாரைக் கொண்டு நன்னூல் என்ற இலக்கண நூலைச் செய்வித்த சீயகங்கன் கங்கர் குலத்தவன். கங்கர்களின் பழைய தலைநகரான தலக்காடு இங்கிருந்து சுமார் 45 கிலோமீட்டர். ஆகவே பவணந்தியாரின் புணர்ச்சி விதிகளைக் காருக்குப் பூட்டிப் பார்க்க மைசூர்க்காரனுக்கு உரிமை உண்டு. (இந்த வாதத்தைப் புலவர்கள் ஏற்கமாட்டார்கள். மெக்கானிக்குகள் மறுப்பேதும் சொல்லவில்லை.)

ஆய்வுப் பொருள், மாமா ஓட்டி ஓய்ந்து என் தலையில் கட்டிய சாம்பல் நிற மாருதி 1000. ஆய்வுக் களம், தன்வந்திரி சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் மெக்கானிக் பாயின் பட்டறை. காற்று ஒரு பக்கமாக அடித்தால் மார்க்கெட் மல்லிகை, மறுபக்கமாக அடித்தால் கிரீஸ்.

ஆய்வு முளைத்த இடம் ஊட்டி. மைசூர் ஏறக்குறைய 770 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டி 2,240 மீட்டரில். நடுவே மசினகுடி வழியில் கல்லட்டி மலை, 36 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு டிசம்பர் மாலை, ஐந்து பேர், ஜன்னல்கள் அடைப்பு, ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பேச்சு. பேசியதெல்லாம் பின்கண்ணாடியில் நீராகப் படிந்தது. "பின்னால என்ன வருது பாருடா" என்றார் மாமா. வேட்டி நுனியால் துடைத்துப் பார்த்துவிட்டு "வெள்ளையா ஏதோ வருது மாமா" என்றேன். நான் துடைத்த இடம் அதற்குள் மறுபடி மூடியிருந்தது. சூடேறும் பின்கண்ணாடி வேண்டும் என்று அன்றிரவே தீர்மானமாயிற்று.

இனி இலக்கணம். வாங்கிக்கொள்ளும் கார் நிலைமொழி. வந்து சேரும் உதிரி வருமொழி. இரண்டும் புணரும்போது மாற்றமேதும் இல்லையென்றால் இயல்பு. மாற்றம் வந்தால் அது தோன்றல், திரிதல், கெடுதல் என்ற மூன்று விகாரங்களில் ஒன்று. பழைய கார்களின் உலகம் முழுவதும் இந்த நான்குக்குள் அடங்கிவிடுகிறது.

இயல்புப் புணர்ச்சிக்கு உதாரணம் என் காரே. 1990இல் வந்தது மாருதி 1000. 1994இல் அதே உடம்புக்குப் பெரிய எஞ்சின் வைத்து எஸ்டீம் என்றார்கள். பெயர்தான் வேறு, கண்ணாடியின் வளைவு ஒன்று. எங்கேயோ முன்பக்கம் நொறுங்கி உடைக்கப் போயிருந்த ஓர் எஸ்டீமிலிருந்து, செம்பழுப்புக் கோடுகள் ஓடிய கண்ணாடியைக் கோணிப் பையில் சுற்றிக் கொண்டுவந்தார் பாய். நிலைமொழியில் அது உட்கார்ந்த விதத்தைப் பார்த்தால், அங்கேயே பிறந்தது என்று சத்தியம் செய்யலாம்.

உட்கார்ந்தது, சூடேறவில்லை. நான் டாஷ்போர்டில் கிடந்த பழைய ஃபாக் லைட் சுவிட்சைக் காட்டி, அதிலேயே ஒயரைக் கொடுத்துவிடலாமே என்றேன். பாய் என்னைப் பார்த்த பார்வையில் இருந்தது பரிதாபம்.

"ஸ்வாமி, இது விளக்கு இல்ல, அடுப்பு."

உண்மைதான். இந்தக் கோடுகள் வெள்ளி கலந்த பசையைக் கண்ணாடியில் அச்சடித்துச் சுட்டெடுத்தவை. 12 வோல்ட்டில் 10 முதல் 15 ஆம்பியர் வரை இழுக்கும். சின்ன சுவிட்ச் உருகிவிடும். பேட்டரியிலிருந்து தனி ஒயர், நடுவில் ஃப்யூஸ், ஒரு ரிலே. சுவிட்சின் வேலை ரிலேயைத் தட்டி எழுப்புவது மட்டும். டைனமோ வைத்த பழைய அம்பாசிடரிலும் பத்மினியிலும் இதைப் பூட்டி, சிக்னலில் நின்றபடி ஹெட்லைட்டையும் போட்டால், பேட்டரி கைக்காசைத்தான் செலவழிக்கும்.

எல்லாம் பூட்டி முடித்தபின் பாய் செய்த காரியத்தை ஆய்வுலகம் கவனிக்க வேண்டும். மீட்டரைத் தொடவில்லை. காருக்குள் ஏறி, பின்சீட்டில் மண்டியிட்டு, கண்ணாடி முழுக்க வாயால் ஊதினார். கண்ணாடி வெளுத்தது. சுவிட்சைப் போடச் சொன்னார். ஒவ்வொரு கோட்டை ஒட்டியும் தெளிவு பரவியது, விபூதிப் பட்டையை யாரோ விரலால் இழுத்து அழித்ததுபோல. மேலிருந்து நான்காவது கோடு மட்டும் வெளுப்பாகவே நின்றது. அதில்தான் அறுபட்டிருந்தது. வெள்ளிப் பெயிண்டில் ஒரு பொட்டு வைத்தார், நான்காவதும் தெளிந்தது.

கெடுதல் விகாரம் பற்றி அதிகம் சொல்ல எனக்கு மனமில்லை. பத்மினி வைத்திருந்த ஒருவர், இதே போல் கோடு போட்ட கண்ணாடி ஒன்றை வேறு மாடலிலிருந்து வாங்கிவந்து "ஓரத்தில் ரெண்டு இஞ்ச் வெட்டிக் கொடு" என்று கேட்டார். பாய் மறுத்தார். அவர் வேறெங்கோ போய் வெட்டச் சொன்னார். பின்கண்ணாடி என்பது 600 டிகிரிக்கு மேல் காய்ச்சிச் சட்டென்று காற்றில் குளிரவைத்த கண்ணாடி. மேல்தோல் இறுக்கத்திலும் உள்ளே இழுவிசையிலும் நிற்பது. ஓரத்தில் கீறினால் மொத்தமும் கற்கண்டாக உதிரும். உதிர்ந்தது.

பத்மினி ஃபியட் 1100இன் வாரிசு, அம்பாசிடர் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு, கான்டெஸா வாக்ஸ்ஹால் விக்டர். எல்லாமே வெளிநாட்டுச் சொற்கள், தற்சமமாக வந்து நம் சாலைகளில் தற்பவமானவை. கண்ணாடி வேண்டுமானால் அந்தந்த வேர்ச்சொல்லிடம்தான் போக வேண்டும்.

பிரேக் விளக்குக்கு இந்தக் குலம் கோத்திரம் எதுவும் கிடையாது. இரண்டு ஒயர், ஓர் எர்த், ஒரு பல்பு. எந்தக் காரிலிருந்தும் எந்தக் காருக்கும் போகும், அதனால்தான் அதில் விகாரம் அதிகம். நடைமுறையில் இருக்கும் இரட்டை இழை பல்பில் 21 வாட் பிரேக்குக்கு, 5 வாட் இரவு விளக்குக்கு. மாற்றிப் பூட்டிவிடக் கூடாது என்றே அதன் இரு முளைகளையும் ஏற்ற இறக்கமாக வைத்திருக்கிறார்கள். பொருந்தாத ஹோல்டரில் முளையை அரம் போட்டுத் தேய்த்துத் திணிப்பவர்கள் உண்டு. அந்தக் கார் இரவு முழுக்க பிரேக் அடித்தபடியே போகும், உண்மையில் பிரேக் அடித்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. இது திரிதல்.

எர்த் சரியில்லாவிட்டால் இன்னொரு கூத்து. மின்சாரம் திரும்ப வழி தேடிப் பக்கத்து இழைகளின் வழியே போகும். பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் கண் சிமிட்டும், எல்லா விளக்கும் அரை மாத்திரையில் ஒலிக்கும். இதற்குக் குற்றியலுகரம் என்று பெயரிட்டிருக்கிறேன்.

தோன்றல், மூன்றாவது பிரேக் விளக்கு. 1974இல் ஜான் வோவொட்ஸ்கி என்ற உளவியலாளர் சான் ஃபிரான்சிஸ்கோ டாக்ஸிகளில் பின்பக்க நடுவில் ஒரு விளக்கு வைத்துப் பார்த்தார். பின்புற மோதல்கள் ஏறக்குறைய 60 விழுக்காடு குறைந்தன. அமெரிக்காவில் 1986 மாடல் கார்களிலிருந்து அது கட்டாயமானது. எல்லாக் காரிலும் வந்து கண் பழகியபின், பலன் 4 விழுக்காட்டை ஒட்டி நின்றுவிட்டது. கல்யாண வீட்டு ஒலிபெருக்கிக்கும் இதே கதிதான். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, காரின் ஆதார அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றாதே என்கிறது. நானும் இரண்டு விளக்கோடு நிறுத்திக்கொண்டேன்.

ஒரு தத்துவச் சிக்கல் மிஞ்சுகிறது. தன் பிரேக் விளக்கைத் தானே பார்த்தவன் கிடையாது. மிதிப்பவன் உள்ளே, எரிவது வெளியே. கூட ஆள் இல்லாத நாட்களில் தேவராஜ அரசு சாலையில் ஒரு புடவைக் கடையின் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி வண்டியை நிறுத்தி மிதித்துப் பார்ப்பேன். பொம்மை கட்டியிருக்கும் பட்டில் சிவப்பு விழுந்தால் சரி. கடைக்காரர் இரண்டு முறை வெளியே வந்து என்ன வேண்டும் என்று கேட்டார். மூன்றாம் முறை கேட்கவில்லை. ஞாயிறு மாலைகளில் அரண்மனையில் ஏறக்குறைய 97,000 பல்புகள் ஒரே நொடியில் எரியும் ஊரில், இரண்டு பல்புக்காக ஒருவன் இப்படி அலைகிறான் என்பதைப் பதிவு செய்கிறேன்.

சாம்பல் நிற மாருதி 1000, பின்கண்ணாடியில் கோடுகள், மாலை ஏழு மணி வாக்கில் சிக்க கடியாரா மணிக்கூண்டுப் பக்கமாக வரும். பின்னால் வருகிறவர்கள் தயவுசெய்து கவனித்துச் சொல்லவும். ஒரு ஹாரன் அடித்தால் இரண்டும் எரிகிறது என்று எடுத்துக்கொள்கிறேன், இரண்டு ஹாரன் என்றால் இடப்பக்கம் போய்விட்டது.