பாபநாசம் பெஞ்சுக்கு ஒரு பாராட்டு மடல்

தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே இருக்கிற பாபநாசத்தில், விடிந்தும் விடியாமலும் டீக்கடை பெஞ்சில் இடம் பிடிக்கும் பெரியோர்களுக்கு இந்த நாடு இன்னும் உரிய மரியாதை செய்யவில்லை. ஒரே பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்து எட்டுப் பேர் படிக்கும் சிக்கனம் எந்த நிதியமைச்சருக்கு வரும்? பேப்பர் கடைக்காரர் காசு. டீ நோட்டில் கணக்கு. கருத்து மட்டும் ரொக்கம். முதல் கிளாஸ் ஆறுவதற்குள் அமெரிக்கா போட்ட வரியைக் குறைத்து, உக்ரைன் சண்டையை நிறுத்தி, வருகிற தேர்தலுக்குக் கூட்டணியும் பேசி முடித்துவிடுகிறார்கள். சட்டசபை கூடக் கோடிக்கணக்கில் செலவு. இந்தச் சபைக்கு ஆளுக்கொரு வடை போதும்.

இவர்கள் பெருமையைப் பத்திரிகைகள் எப்போதோ உணர்ந்துவிட்டன. 1942-இல் ஆதித்தனார் தினத்தந்தியைத் தொடங்கியபோது, எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் புரிகிற தமிழில் எழுதச் சொன்னார். பேப்பர் டீக்கடைக்கு வந்து சேர்ந்தது. தினமலரோ ‘டீக்கடை பெஞ்சு’ என்றே ஒரு பகுதி வைத்தது. அதில் குப்பண்ணாவும் அந்தோணிசாமியும் அன்வர்பாயும் உட்கார்ந்து, எந்த அதிகாரி எங்கே கை நீட்டினார், எந்தக் கட்சியில் யார் காலை யார் வாருகிறார் என்று குட்டை உடைத்துவிட்டு எழுந்து போகிறார்கள். மறுநாள் வேறு குட்டு, அதே பெஞ்சு. பாபநாசத்துப் பெரியோர்கள் அந்த இலக்கணத்தை இம்மியும் மீறியதில்லை: குட்டை உடைப்பது, எழுந்து போவது.

இந்தக் கலையில் லண்டன்காரர்கள் நமக்கு மூத்தவர்கள்தான், ஆனால் தேர்ச்சி போதாது. 1710-இல் ஜோசப் அடிசன் ‘டாட்லர்’ பத்திரிகையில் ஒரு மெத்தைக் கடைக்காரரைப் படம் பிடித்தார். ஸ்வீடன் ராஜாவுக்கு என்ன ஆயிற்று என்ற கவலையிலேயே அலைந்து சொந்தக் கடையைத் திவாலாக்கிய மனிதர் அவர். காபிக்கடை அரசியல்வாதிகளைக் கேலிச்சித்திரக்காரர்களும் விட்டுவைக்கவில்லை. நம்மவர்கள் அப்படித் திவாலாகிறவர்களா? உலகக் கவலை முழுவதையும் சுமந்தாலும், ஒன்பது மணிக்குத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்கோ கடைக்கோ நேரத்துக்குப் போய்விடுவார்கள். கவலை பெஞ்சிலேயே இருக்கும். யாரும் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள்.

இது தெரியாமல் ஆட்சியாளர்கள்தான் பாவம், வீணாகப் பதறுகிறார்கள். காபிக்கடைப் பேச்சுக்குப் பயந்து இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ் 1675 டிசம்பரில் அத்தனை காபிக்கடைகளையும் மூட உத்தரவு போட்டார். எதிர்ப்பு கிளம்பியதும் பத்தே நாளில் வாபஸ். 1987-இல் ஆனந்த விகடன் அட்டையில் எம்.எல்.ஏ.வையும் மந்திரியையும் பற்றி ஒரு ஜோக் வந்தது. ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டசபை மூன்று மாதக் கடுங்காவல் விதித்துப் பிறகு சில நாட்களில் விட்டது. உயர் நீதிமன்றம் அந்தச் சிறைவாசத்துக்கு ஆயிரம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. 2017-இல் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம் தீக்குளித்தது. அதைப் பற்றிப் படம் வரைந்த கார்ட்டூனிஸ்ட் பாலாவைக் கைது செய்தார்கள். கார்ட்டூனை இத்தனை கவனமாகப் படித்த ரசிகர்கள் அதிகார பீடத்தைத் தவிர வேறெங்கும் இல்லை. ஒரே ஒரு நாள் பாபநாசம் வந்து உட்கார்ந்திருந்தால் இவ்வளவு செலவும் மிச்சம். எத்தனை காரமான படமானாலும் இங்கே ‘போட்டான் பாரு!’ என்று ஒரு சிரிப்பு. மறுநாள் அதே தாளில் வடை. எந்தத் தணிக்கை அதிகாரியால் இவ்வளவு சுத்தமாக வேலை முடிக்க முடியும்?

இவர்களின் தொலைநோக்கையும் சொல்லியாக வேண்டும். வெள்ளை மாளிகையின் உள்ளறை வரைக்கும் தெரியும் கண்களுக்கு, கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது மட்டும் நாகரிகமாக மங்கிவிடும். டெல்டா ஊர்களில் டீக்கடைக்குள் ஒரு கிளாஸ், வெளியே நிற்பவருக்கு வேறு கிளாஸ் என்றிருந்த காலத்திலும் பெஞ்சு சுதந்திரத்தைப் பற்றித்தான் பேசியது. கிளாஸைப் பார்க்க நேரமில்லை. இன்று பாபநாசம் திருப்பாலைத்துறைக் கோயிலில், 3000 கலம் கொள்ளும் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் நானூறு வருஷமாக நிற்கிறது. டெல்டாவின் கொள்முதல் நிலையங்களிலோ அறுவடை நாளில் மூட்டைகள் தார்ப்பாய்க்கு அடியில் நனைகின்றன. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல் திரும்பும். நாற்பது கிலோ மூட்டைக்கு இவ்வளவு என்று கை மாறும் பணத்தைப் பற்றி விவசாயிகள் வருஷா வருஷம் முறையிடுகிறார்கள். பெஞ்சுக்கும் இதெல்லாம் தெரியும், ரூபாய்க் கணக்கோடு தெரியும். ஆனால் அந்தக் கணக்கோடு சம்பந்தப்பட்டவர் சைக்கிளை நிறுத்திவிட்டு ‘ஸ்ட்ராங்கா ஒண்ணு’ என்று உள்ளே வந்ததும், “வாங்கண்ணே, உக்காருங்க” என்று நகர்ந்து இடம் கொடுத்து, டிரம்பைத் திட்டத் தொடங்கும் பண்பு இருக்கிறதே, அது வேறு எந்த ஊர்ப் பாராளுமன்றத்துக்கு வரும்!

ஆகவே ஆட்சியில் யார் இருந்தாலும் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கார்ட்டூனிஸ்டுகளைப் பிடிக்கப் போலீஸை அனுப்பாதீர்கள். பெட்ரோல் விற்கிற விலையில் அது ஊதாரித்தனம். அந்தப் பணத்தில் ஊர்தோறும் இன்னொரு பெஞ்சு போட்டு, இலவசமாக நாலு பேப்பரும் போடுங்கள். உங்களை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டட்டும், விட்டுவிடுங்கள். திட்டி முடித்த திருப்தியோடு எழுந்து போகிறவர் மனு எழுத மாட்டார்.