பளபளப்பே பகையானது

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை மீன் தொட்டியைச் சுத்தமாகக் கழுவி, முழுத் தண்ணீரையும் மாற்றினேன். விடிவதற்குள் அத்தனை மீனும் செத்து மிதந்தன. கொளத்தூர் கடையில் நோய் மீனைக் கொடுத்துவிட்டார்களா?
- ஒரு வாசகி, கிழக்குத் தாம்பரம்

பதில்: கடைக்காரரை விட்டுவிடுங்கள், அம்மா. மீன்களைக் கொன்றது உங்கள் சுத்தம்!

மீன் கழிவில் பிறக்கும் அம்மோனியா கொடிய நஞ்சு. அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகக் கெடுதல் செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றும் நல்ல பாக்டீரியாக்கள் ஃபில்டர் பஞ்சிலும் கூழாங்கல்லிலும் குடியிருக்கின்றன. தேய்த்துக் கழுவியபோது அந்தத் துப்புரவுப் பணியாளர்களையே வீட்டைவிட்டுத் துரத்திவிட்டீர்கள். குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்லக் கலக்கும் குளோரினோ மீனின் செவுளையே அரித்துவிடும். போர் தண்ணீரில் குளோரின் இல்லாவிட்டாலும், இறைத்த உடனே அதில் ஆக்சிஜன் குறைவாக இருக்கும்.

இனி வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். புதுத் தண்ணீரை ஒரு நாள் வாளியில் வைத்து, காற்று பம்ப் ஓடவிட்டு ஊற்றுங்கள். குளோரின் நீக்கும் சொட்டு மருந்து இருந்தால் இன்னும் நல்லது. பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே அலசுங்கள். இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே தீனி போடுங்கள். சித்திரை வெயிலில் சூடேறும் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். மின்வெட்டுக்கு பேட்டரி பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள்.

மீன் வளர்ப்பு சலித்துப்போனாலும், தயவுசெய்து சேலையூர், செம்பாக்கம் ஏரிகளில் மீனைக் கொண்டுபோய் விடாதீர்கள். வெளிநாட்டு மீன் பெருகினால் நம் நாட்டு மீன்கள் அழியும்.