குறைந்த விலைக்காரன்

கை நழுவிப்போன வேலைகளால் நான் இதுவரை ஒரு வெள்ளிகூட இழந்ததில்லை. கைக்குக் கிடைத்த வேலைகளால்தான் இழந்திருக்கிறேன். கிள்ளான் பள்ளத்தாக்கில் சின்ன அளவில் மரம் வெட்டும் தொழில் செய்கிறேன். பெயர் அட்டையில் ‘மரப் பராமரிப்புச் சேவை’ என்று இருக்கும். கூப்பிடுகிறவர்கள் யாரும் அப்படிச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. “மரம் வெட்றவராண்ணே?” என்பார்கள். நானும் “ஆமாம்மா” என்பேன். ஒரு டன் லோரி ஒன்று, செயின்சா இரண்டு, கயிறு, இடுப்பு வார், மரம் ஏற லொம்போக்கிலிருந்து வந்த ஒருவர் (எல்லாருக்கும் அவர் ‘பாங்’), கீழே கிளை பொறுக்க இரண்டு தம்பிகள். இவ்வளவுதான் கம்பெனி. மரத்தைக் கண்டு எங்களில் யாருக்கும் பயம் கிடையாது. விலை சொல்ல மட்டும் எனக்குப் பயம்.

அதை எப்படிச் சொல்ல? மரத்தைச் சுற்றி வந்து பார்த்ததும் மனசுக்குள் 1,200 என்று ஒரு தொகை வரும். வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்ததும் வாய் 900 என்று சொல்லும். அவர் பதில் பேசாமல் மரத்தை அண்ணாந்து பார்ப்பார். அந்த மௌனம் எனக்கு ஆகாது. “சரிண்ணே, 750 கொடுங்க” என்று நானே இறங்கிவிடுவேன். மனுஷன் இன்னும் பேரமே ஆரம்பித்திருக்க மாட்டார். ஒருவர் பின்னால் என்னிடம் சொன்னார்: “நான் கிளையில என்ன குருவின்னு பார்த்துக்கிட்டிருந்தேன் தம்பி.”

நேரில் போனால்தானே இந்தச் சங்கடம் என்று புலனத்தில் படம் அனுப்பச் சொல்லி விலை கொடுக்க ஆரம்பித்தேன். கிள்ளான் தாமான் ஸ்ரீ அண்டலாஸில் ஒரு அக்கா மாமரத்தைப் படம் எடுத்து அனுப்பினார். “சின்ன மரம்தான்லா தம்பி.” விலை கேட்கும்போது ஊரில் எல்லா மரமும் சின்ன மரம்தான். வெட்டிச் சாய்த்துப் பணம் வாங்கப் போனால் மட்டும் “இவ்வளவு பெரிய மரத்தையா வெச்சிருந்தோம்!” என்று அவர்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். படத்தில் மரம் லட்சணமாக, வெயிலில் பளபளவென்று நின்றது. 350 வெள்ளி என்று அடித்து அனுப்பினேன். உடனே கட்டைவிரல் படம் வந்தது. இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டால் ஏதோ தப்பு என்று புரிந்திருக்க வேண்டும்.

போய் நின்றபோது மரத்தின் முன்பக்கம் படத்தில் பார்த்த மாதிரியே இருந்தது. பின்பக்கத்தைத்தான் நான் பார்த்திருக்கவில்லை. கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் மின்கம்பி இரண்டு கிளைகளுக்கு நடுவே போயிருந்தது. பாதி மரம் பக்கத்து வீட்டுப் பிளாஸ்டிக் கூரையின்மேல் சாய்ந்து படுத்திருந்தது. அதற்கும் கீழே அந்த வீட்டுக்காரரின் கோய் மீன் தொட்டி. அதெல்லாம் போகட்டும், கெரங்கா. நம் ஊர்ப்பக்கம் முசுறு என்பார்களே, அந்தச் செவ்வெறும்பு. பச்சை இலைகளை ஒன்றோடொன்று இழுத்துப் பிடித்து, தன் புழுக்களின் வாயிலிருந்து வரும் பட்டு நூலால் தைத்துக் கூடு கட்டும். இலைக்குள் இலை வைத்துத் தைத்த கூடு ஒன்றைக் கிட்டத்தில் பார்த்தால் எந்தத் தையல்காரரும் கும்பிடுவார். பாங் முதல் கிளையில் கை வைத்ததும் கூடு உடைந்தது. கடித்த இடத்தில் அமிலத்தையும் பீய்ச்சிவிட்டுப் போகும் எறும்பு அது. பாங் இறங்கிய வேகத்தில் கயிற்றுக்கு வேலையே இருக்கவில்லை. பழத்தோட்டத்துப் பூச்சிகளைத் தின்னும் என்பதால் இந்தக் கூடுகளைச் சீனாவில் காசு கொடுத்து வாங்கினார்கள் என்று பழைய நூல்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு அன்றைக்கு எல்லாம் இலவசம். 350 வெள்ளி வேலை மறுநாளும் இழுத்தது. மின்சாரத்தை நிறுத்தித் தரச் சொல்லி முன்கூட்டியே எழுதிப்போட வேண்டும் என்பதுகூடத் தோன்றாமல் விலை கொடுத்தவன் நான். பக்கத்து வீட்டுக் கூரையில் ஒரு தகடு மாற்றிக் கொடுத்தேன். அது விலைப் பட்டியலில் இல்லை.

பட்டியலில் இல்லாத பெரிய சமாச்சாரம் ஒன்று உண்டு: வெட்டிய மரம் எங்கே போகும்? வெட்டுவதைத்தான் எல்லாரும் வேலை என்று நினைக்கிறார்கள். நானும் பல காலம் அப்படித்தான் நினைத்து விலை போட்டேன். 60 செண்டிமீட்டர் குறுக்களவில் 3 மீட்டர் நீளத்துக்கு ஒரு தூங்குமூஞ்சி மரத் துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். கன அளவு 0.85 கன மீட்டர் வரும். பச்சை மரம், உள்ளே பாதி தண்ணீர். ஒரே துண்டு கிட்டத்தட்ட முக்கால் டன். என் லோரி தாங்குவதே ஒரு டன். இலையும் சுள்ளியும் நேர்மாறு: கனமே இருக்காது, ஆனால் ஒரு கிளையைப் போட்டால் லோரி நிரம்பிவிடும். ஆக, கட்டை கனத்தால் நடை கூடும், தழை பருமனால் நடை கூடும். ஒவ்வொரு நடைக்கும் டீசல், கொட்டுமிடத்தில் கட்டணம். ரோரோ தொட்டி வாடகைக்கு எடுத்தால் அது தனிக் காசு. “கட்டையை வித்துக் காசாக்கலாமே அண்ணே” என்று ஒரு தம்பி யோசனை சொன்னான். நம்பி வீட்டு வாசலில் அடுக்கினேன். வாங்க யாரும் வரவில்லை. கரையான் வந்தது.

பிரிக்பீல்ட்ஸ் கதைக்கு வருகிறேன். அங்கே ஒரு கொண்டோமினியத்தில் ஓரமாக நான்கு அங்சானா மரங்கள். 2013-ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டம் வந்த பிறகு இப்படிப்பட்ட இடங்களை நிர்வாகக் குழுதான் பார்த்துக்கொள்கிறது. குழு என்றால் மூன்று விலைப்புள்ளி கேட்பார்கள். எனக்கு அப்போதுதான் அலெக்ஸ் ஷைகோவைப் படித்த மயக்கம். அமெரிக்க வனத்துறையில் இருந்த அந்த மனிதர் (1930–2006) செயின்சாவை எடுத்து ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் பிளந்து பார்த்தவர். மரத்துக்குக் காயம் ஆறுவதில்லை, அழுகல் பரவாதபடி உள்ளே சுவர் எழுப்பி அடைத்துவிட்டு மேலே வளர்ந்துகொண்டு போகிறது என்று காட்டினார். அதனால் கிளையை எங்கே அறுக்கிறோம் என்பது முக்கியம். அடியில் மோதிரம் போலத் தடித்திருக்கும் பகுதிக்கு வெளியே அறுக்க வேண்டும். தலையை மொட்டையடித்தால் வெட்டிய இடத்தில் கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும். அந்தக் கிளைகளுக்குப் பிடிமானம் இருக்காது, காற்றுக்கு அவைதான் முதலில் முறியும். இதையெல்லாம் மூன்று பக்கத்துக்கு எழுதி, படம் வரைந்து, கடைசிப் பக்கத்தில் விலையும் போட்டுக் கொடுத்தேன். மற்ற இரண்டு பேரும் இரண்டு வரியில் முடித்திருந்தார்கள். குழு கேட்டது மொட்டை. “நீங்க நல்லா எழுதுறீங்க தம்பி, பத்திரிகைக்கு எழுதலாமே” என்றார் பொருளாளர். இந்தப் பத்தியை எழுத எனக்குத் துணிச்சல் வந்தது அப்படித்தான்.

அடுத்த வருஷம் அதே குழு மறுபடி கூப்பிட்டது. மொட்டையடித்த தலைகளில் துளிர் அடர்ந்து கார்நிறுத்தத்தின்மேல் தொங்கிக்கொண்டிருந்தது. இந்த முறை ஷைகோவை வீட்டில் விட்டுவிட்டு 4,800 என்று ஒரே வரி எழுதினேன். கிடைத்தது. கையெழுத்துப் போடும்போது பொருளாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “உங்களுக்கு அடுத்து இருந்த விலை எவ்வளவு தெரியுமா? 9,500” என்றார். அவர் சந்தோஷத்தில்தான் சொன்னார். நான் அன்றைக்கு ஜாலான் துன் சம்பந்தனில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து ரசம் வரும்வரை 4,700-ஐ நினைத்துக்கொண்டிருந்தேன். இரட்டிப்பாகக் கேட்டவன் பேராசைக்காரனா, இல்லை எனக்குத் தெரியாத எதையோ தெரிந்தவனா? இரண்டாவதுதான். அந்த மரங்களுக்குக் கீழே கழிவுநீர்க் குழாய் ஓடுவது அவனுக்குத் தெரியும். ஸ்கைலிஃப்ட் வண்டியின் கால்களை அந்தத் தரையில் ஊன்ற முடியாது. எனக்கு அது வண்டி வந்து நின்ற பிறகுதான் தெரிந்தது. வண்டிக்கு அன்றைய வாடகை கொடுத்தாயிற்று.

இந்த நோய்க்குப் பெயர் இருக்கிறது என்று பிறகு படித்தேன். 1971-இல் அட்லாண்டிக் ரிச்பீல்டு எண்ணெய்க் கம்பெனியின் பொறியாளர்கள் கேப்பன், கிளாப், கேம்பல் மூவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். மெக்சிகோ வளைகுடாவில் ஏலம் கேட்டு இடம் பிடித்த கம்பெனிகளுக்கு ஏன் எதிர்பார்த்த லாபம் வரவில்லை? கடலடியில் எவ்வளவு எண்ணெய் கிடக்கிறது என்று யாருக்கும் நிச்சயமில்லை. ஆளுக்கொரு கணக்கு. மிக அதிகமாகக் கணக்குப் போட்டவன்தான் மிக அதிகம் கேட்பான், இடமும் அவனுக்கே போகும். ஆக ஜெயிக்கிறவன் பெரும்பாலும் கணக்கில் தப்பியவன். ஜெயித்தவனின் சாபம் என்று அதற்குப் பெயர். எனக்கு அது தலைகீழாக வேலை செய்கிறது: மரத்தின் கஷ்டத்தை மிகக் குறைவாக மதிப்பிட்டவனுக்கே வேலை. படித்தபோது பெருமையாகக்கூட இருந்தது. எண்ணெய்க் கம்பெனிகளுக்கு வந்த வியாதி எனக்கும்!

கோயில் வேலையில் கணக்கே கிடையாது. காப்பார் பக்கம் சாலையோரக் கோயில் ஒன்று. அரசும் வேம்பும் பின்னி நிற்க, அரசங்கிளை ஒன்று தகரக் கூரையை நெம்பிக்கொண்டிருந்தது. தலைவர் விலை கேட்கவில்லை. “சாமி காரியம், பார்த்துச் செய்ப்பா” என்றார். பார்த்துப் பாதி விலை சொன்னேன். செவ்வாய், வெள்ளி ஆகாது என்றார்கள், அமாவாசையும் தள்ளிப்போனது. தம்பிகள் முனீஸ்வரருக்குப் படையல் போடாமல் ரம்பத்தை எடுக்கமாட்டோம் என்றார்கள்: எலுமிச்சம்பழம், சூடம், சுருட்டு. பாங்குக்கும் அவர் வழக்கம் இருந்தது. மரத்தடியில் கை கூப்பாமல் குனிந்து ‘டத்தோ’விடம் வாய்க்குள்ளேயே அனுமதி கேட்டார். செலவெல்லாம் என் பையிலிருந்து. வேலை முடிந்து ரசீது நீட்டினால், மீதிப் பாதியை நன்கொடையாக எழுதிக்கொள்ளலாமா என்றார் தலைவர். திருவிழா அழைப்பிதழில் நன்கொடையாளர் வரிசையில் என் பெயர் வந்தது, ஓர் எழுத்துப் பிழையோடு. அதை வெட்டி லோரியின் கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

2024 மே 7 அன்று கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் பெரிய மரம் ஒன்று சாய்ந்தது. 17 வாகனங்கள் நசுங்கின, ஒருவர் இறந்தார், மோனோரெயில் நின்றது. அந்த வாரம் என் கைப்பேசி ஓயவே இல்லை. நன்றாக நிற்கிற மரத்தையும் வெட்டச் சொன்னார்கள். பயந்தவர்களிடம் இரண்டு மடங்கு கேட்கிறவர்களும் எங்கள் தொழிலில் உண்டு. நான் வீடு வீடாகப் போய், மரத்தைத் தட்டிப் பார்த்து, வேரைச் சுற்றிப் பார்த்து, “இதுக்கு ஒண்ணும் ஆகாதும்மா, காய்ஞ்ச கிளையை மட்டும் எடுத்தா போதும்” என்று சொல்லி, தே ஓ குடித்துவிட்டு வந்தேன். பார்த்துச் சொன்னதற்குக் கட்டணம் கேட்க வாய் வரவில்லை. 2018-இல் கூட்டரசு நெடுஞ்சாலையில் பத்து தீகா, சுங்கை ராசாவ் சாவடிகளை எடுத்ததிலிருந்து இப்படி ஓசியில் கிள்ளானுக்குப் போய்வருவது எனக்கு மலிவாகப் போய்விட்டது. அரசாங்கம் செய்த உதவியை இப்படித்தான் வீணாக்கினேன்.

அடுத்த மாதமே டீசல். ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35-க்கு ஏறியது. அதற்குப் பல மாதங்களுக்கு முன் நான் கொடுத்திருந்த விலைத்தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு ஷா ஆலாமிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். “விலை அதேதானே பாஸ்?” எத்தனை நாளுக்கு விலை செல்லும் என்று தாளில் எங்கும் எழுதவில்லை. “அதேதான் பாஸ்” என்றது வாய்.

அனுமதி விஷயமும் அப்படித்தான். சிலாங்கூரில் செல்லும் 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேலுள்ள மரத்தை உள்ளாட்சியின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் சாய்க்கக் கூடாது. பட்டுப்போனதும் ஆபத்தானதும் விலக்கு. 0.8 மீட்டர் சுற்றளவு என்றால் குறுக்களவு 25 செண்டிமீட்டர்தான், சாப்பாட்டுத் தட்டு அகலம். நான் வெட்டும் மரங்களில் பாதி அதைத் தாண்டும். காலி நிலம் ஒன்றில் விலை பேசி, ஆட்களையும் கூட்டிவந்து நிறுத்திய பிறகு, “பெர்மிட் எங்கே?” என்று கேட்டவர் நிலத்துக்குச் சொந்தக்காரர்தான். அவருக்குத் தெரிந்திருந்தது, பெயர் அட்டைக்காரனுக்குத் தெரியவில்லை. அன்றைய கூலியை ஆட்களுக்குக் கொடுத்து அனுப்பினேன்.

இப்போது புது விலைத்தாள் அடித்திருக்கிறேன். வெட்டுக்கூலி தனி, அப்புறப்படுத்த தனி, அனுமதி தனி, மின்கம்பி இருந்தால் தனி, எறும்புக்கு 50 வெள்ளி, விலை 30 நாளுக்கு மட்டும் என்று எல்லாம் வரி வரியாக. போன வாரம் மேருவில் ஒரு ஐயாவிடம் கொடுத்தேன். பொறுமையாகப் படித்தார். “எல்லாம் நியாயம்தான் தம்பி. எறும்புக்கு எதுக்கு 50?” என்றார். பேனாவை எடுத்து எறும்பை அடித்தேன். அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். மின்கம்பியையும் அடித்துக் கொடுத்தேன்.